ஊறிக்கொண்டே கிடந்த புளி

அடைக்கலமேரி எழுதிய ஒரே புத்தகம் வெளிவந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு மாதத்தில் அதைப் பற்றி ஒருவர்கூட அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசுவதற்கு வழியும் இல்லை. அட்டையில் அவள் பெயர் கிடையாது. 'ஐம்பத்திரண்டு வாரச் சமையல், ஓர் ஆசிரியை இயற்றியது' என்று மட்டும்தான் இருந்தது. கல்யாணமாகாத பெண்ணின் பெயர் கடைவீதியில் தொங்க வேண்டாம் என்று அவளுடைய அண்ணன் செபமாலை சொல்லிவிட்டார். அப்போது அவளுக்கும் அது சரியென்றே பட்டது. அச்சடித்த ஐந்நூறில் முந்நூற்றுச் சொச்சம் புதுக்கோட்டையில் அண்ணன் வீட்டு மரப்பெட்டிக்குள் கிடந்தன.

அவள் அரிமளத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையலும் சமையலும் கணக்கும் சொல்லிக்கொடுத்தாள். முப்பத்துநாலு வயது. அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போவாள்; ஞாயிறு கோயில் முடித்து, சாப்பிட்டு, மூன்று மணி பஸ்ஸில் திரும்புவாள். யுத்தம் வந்து பெட்ரோல் போனபிறகு அந்த பஸ் கரியில் ஓடியது. பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதில் கரியைக் கொட்டி, பற்றவைத்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஊதவேண்டும். உள்ளே கனன்று புகை சேர்ந்து என்ஜின் உயிர்பிடிக்க அரைமணி ஆகும், சில நாள் முக்கால்மணியும் ஆகும். ஊதுவது கண்டக்டர் சோலையப்பனின் வேலை. அதுவரை டிரைவர் வீரய்யா தன் இருக்கையில் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருப்பார்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடைக்கலமேரி டிரைவருக்குப் பின்னாலிருந்த பெண்கள் இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். முன்கண்ணாடிக்குக் கீழே சாய்த்து வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்தாள். அவளுடைய புத்தகம்! அட்டையில் மஞ்சள் கறை. நடுவே அடையாளத்துக்கு ஒரு விளக்குமாற்று ஈர்க்கு. புதுக்கோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த வாசகசாலைக்கு அவளே ஒரு பிரதி இனாமாகக் கொடுத்திருந்தாள். அதுதான்.

பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

"என்ன புத்தகம் டிரைவர் அது?"

வீரய்யா திரும்பினார். நாற்பதை நெருங்கிய, ஒல்லியான மனிதர். கண்டியில் லாரி ஓட்டப் பழகியவர். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். "ரெண்டு இருக்குங்க டீச்சர். இது நாவல், அது சமையல்" என்று மடியிலிருந்ததையும் காட்டினார்.

"சமையல் புத்தகமா? நீங்களா சமைக்கிறீங்க?"

"வேற யாரு? வீட்டுக்காரி மருதாயிக்கு நாலு மாசம். இதுக்கு முன்னால ரெண்டு தங்கல. பேறுகாலம் வரைக்கும் படுத்தே கெடக்கணும்னு பெரியாஸ்பத்திரி லேடி டாக்டர் சொல்லிட்டாங்க. அவளுக்குத் தாயி இல்ல. என் தங்கச்சி வந்து ஒரு மாசம் பாத்துட்டு அவ ஊருக்குப் போயிருச்சு. எத்தன நாளைக்கு அக்கம்பக்கத்துல கேக்குறது? அதான் வாசகசாலையில நாவல் எடுக்கப் போனப்ப இதையும் எடுத்துட்டு வந்தேன்."

"நல்லா இருக்கா?" என்று கேட்டவள், கேள்வி எந்தப் புத்தகத்தைப் பற்றியது என்று தெரியாதபடி, "நாவல்?" என்று சேர்த்துக்கொண்டாள்.

"நாவல்ல எனக்கு ஒரே ஒரு வருத்தந்தாங்க. இதுல முந்நூறு பக்கம். காணாமப் போன பொண்ணத் தேடி ஒருத்தன் ரயில்ல போறான், கப்பல்ல போறான், சிங்கப்பூர்ல திருட்டுப் பயலுககிட்ட மாட்டுறான். அத்தன தூரத்துக்கும் அவன் ஒரு வேளச் சோறு தின்னான்னு எழுதல. பதினேழாம் அத்தியாயத்துல 'போஜனம் முடித்துப் புறப்பட்டான்'னு ஒரு வரி வருது. என்ன போஜனம்? யார் போட்டா? நான் வாசிக்க வாசிக்க மருதாயி அங்கனயே நிறுத்தச் சொல்லிட்டா. அவன் என்ன தின்னான்னு தெரியாம மேல கேக்க முடியாதுன்னுட்டா."

அடைக்கலமேரி சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் கேட்டுவிட்டாள்: "அந்த இன்னொண்ணு?"

வீரய்யா சமையல் புத்தகத்தை எடுத்து ஈர்க்கு வைத்த இடத்தில் பிரித்தார்.

"எழுதுனவங்களுக்கு எல்லாம் தெரியுதுங்க. நமக்கும் தெரியும்னு நெனச்சுக்கிட்டு எழுதியிருக்காங்க. உப்பு தேவையான அளவு. தேவை எம்புட்டுன்னு தெரிஞ்சா நான் ஏன் புத்தகம் எடுக்குறேன்? பொன்னிறமா வறுக்கணுமாம். எங்க வீட்ல ஏது பொன்னு, பக்கத்துல வச்சுப் பாக்க? வெந்தயம் ஒரு வராகன் எடையாம். அந்தக் காலத்துப் பொன் காசத் தேடி நான் எங்கிட்டுப் போக? அதக்கூட விடுங்க. முப்பத்தோராம் பக்கம், வெந்தயக் குழம்பு. ரெண்டாவது வரியில புளிய ஊறப்போடச் சொல்றாங்க. போட்டேன். அப்புறம் வறு, அரை, தாளி, கொதிக்கவிடு, எறக்குன்னு வரிசையா வருது. எறக்கியும் வச்சுட்டேன். திரும்பிப் பாத்தா புளி அது பாட்டுக்குக் கிண்ணத்துல ஊறிக்கிட்டே கெடக்கு!"

பக்கத்திலிருந்த இரண்டு பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்னாலிருந்து சோலையப்பனும், "அண்ணே, அந்தப் புளிக் கதையா?" என்று கத்தினான். பஸ்ஸுக்கே தெரிந்த கதை போலிருக்கிறது.

அடைக்கலமேரி சிரிக்கவில்லை. "அச்சுப் பிழையா இருக்கும்" என்றாள்.

"இருக்கலாம். ஆனா ஒண்ணு டீச்சர். இத எழுதுனவங்க ஒத்தையாச் சாப்பிடுறவங்கன்னுதான் எனக்குத் தோணுது. பசியோட ஒரு ஆளு எதுத்தாப்புல உக்காந்திருக்கச் சமைச்சவங்களுக்கு, புளி மறந்து போகாது."

அவர் அதைப் பகையாகச் சொல்லவில்லை. நாவலைப் பற்றிச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். என்ஜின் இருமியது, சோலையப்பன் ஓடிவந்து தொற்றிக்கொண்டு "ரைட்!" என்றான்.

அறைக்கு வந்ததும் தன்னிடமிருந்த பிரதியை எடுத்து முப்பத்தோராம் பக்கத்தைப் படித்தாள். அச்சுப் பிழை இல்லை. கையெழுத்துப் பிரதியையும் எடுத்துப் பார்த்தாள். அதிலும் புளி இரண்டாவது வரியோடு நின்றுபோயிருந்தது. அவள்தான் விட்டிருக்கிறாள். கை தன்னால் செய்யும் வேலை, எழுதும்போது கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

இரண்டு நாள் அவளுக்குக் கோபம். அந்த மனிதர்மேல், வாசகசாலைமேல், பிரதியை இனாமாகக் கொடுத்த தன்மேல். மூன்றாம் நாள் மாலை கோபம் அலுத்துப்போனது. மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்துவைத்துவிட்டு ஒரு காரியம் செய்தாள். தனக்குச் சமையலே தெரியாது என்று வைத்துக்கொண்டு, தன் புத்தகத்தைத் திறந்து, அதில் உள்ளதை மட்டும் செய்தாள். சொல்லாததைச் செய்யவில்லை. சொன்னதை விடவில்லை. அன்றைக்குச் சாப்பிட்டது முக்கால்வாசி பச்சையாக இருந்த ஒரு கூட்டு. மறுநாள் அடி பிடித்த ஒரு சாதம். நான்கே நாளில் பதினெட்டு இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டாள். ஒரு சமையலுக்கு அடுப்பே மூட்டச் சொல்லவில்லை. இன்னொன்று பன்னிரண்டு பேர் சாப்பிடும் அளவு. பயிற்சிப் பள்ளி விடுதியில் கற்றதை அப்படியே எழுதியிருந்தாள்.

அடுத்த ஞாயிறு அவளாகவே ஆரம்பித்தாள். "அந்தச் சமையல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துட்டீங்களா?"

"இல்லங்க. இன்னொரு வாரத்துக்கு எழுதி வாங்கியிருக்கேன்."

"அதுதான் சரியில்லையே?"

வீரய்யா ஸ்டியரிங்கின்மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தார். பின்பக்கம் சோலையப்பன் ஊதும் சத்தம் சீராகக் கேட்டது.

"சரியில்லன்னு சொல்லலையே. சமைக்கத்தான் ஆகல. வாசிக்க ஆகுது. மருதாயிக்கு ராவும் பகலும் மோட்டுவளையப் பாத்தே கெடக்கணும். நாவல் வாசிச்சுக் காட்டுவேன். போன மாசம் ஒரு குடியானவன் குடும்பக் கதை. எனக்கே கண்ணுல தண்ணி. கடைசியில அந்தப் பொண்ணு பிள்ளையப் பெத்துட்டுச் செத்துப்போகுது. நான் அது தெரியாம வாசிச்சுட்டேன்..." அவர் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். "மருதாயி அழல. 'எழுதுனவருக்குச் சோம்பேறித்தனம். அவள உசுரோட விட்டா இன்னும் நூறு பக்கம் எழுதணும்ல'ன்னா. ஆனா அன்னைக்கு அவ சாப்பிடல. அதுலருந்து எந்தப் புத்தகம் எடுத்தாலும் கடைசிப் பக்கத்த மொதல்ல பாத்துருவேன். இதுலயோ யாரும் சாகுறதில்ல. அவியல்னு ஆரம்பிச்சா அவியலாத்தான் முடியுது. அந்த விசயத்துல எந்த நாவலும் இதுக்குக் கிட்ட வர முடியாது."

அடைக்கலமேரி கைப்பையைத் திறந்து ஒன்றும் எடுக்காமல் மூடினாள். பதினோரு மாதமாக அவள் மனசுக்குள் வாங்கி வாங்கிப் பார்த்த பாராட்டு எதிலும் இது இல்லை.

அன்றிலிருந்து ஞாயிறு மூன்று மணி அவளுக்கு வேலைநேரம் ஆனது. தெரிந்த பெண்களிடம் கேட்டதாகச் சொல்லி, திருத்திய செய்முறைகளைத் தாளில் எழுதிக் கொண்டுவந்து கொடுப்பாள். அவர் செய்துபார்த்துச் சொல்லுவார். வராகன் போய் அம்மன் காசு வந்தது. புதுக்கோட்டைச் சமஸ்தானத்துச் சின்னச் செப்புக்காசு அது; எல்லார் வீட்டிலும் இருந்தது. மூன்று காசு எடை வெந்தயம் என்றால் யாருக்கும் விளங்கும். 'அரைமணி வேகவிடவும்' என்பதையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் கடிகாரம் இல்லை.

"நான் அத்தியாயக் கணக்குல வச்சிருக்கேன். வரகு வேக ஒரு அத்தியாயம் வாசிக்கணும். மொச்சைன்னா மூணு. சண்ட வார அத்தியாயம் வேணாம், வெரசா ஓடிரும். ரெண்டு பேர் உக்காந்து பேசுற அத்தியாயந்தான் வேக்காட்டுக்குத் தோது."

அரிசிக்குத் தட்டுப்பாடு முற்றிய வருஷம் அது. "பக்கத்துக்குப் பக்கம் அரிசி, நெய், சீனின்னு இருக்கு. இப்ப எந்தக் கடையில இருக்கு? வரகும் கம்பும் கேவுருந்தான் கெடைக்குது. அதுக்கு ஒரு பக்கங்கூட இல்ல" என்றார் ஒருநாள். அவள் குறிப்பேட்டில் பெரிதாக எழுதிக்கொண்டாள். இடையில் ஒரு துப்பறியும் நாவல் வந்துபோனது. அதைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் உண்டு. "பொணம் கெடக்குற வீட்ல பதினோரு பேரு. துப்பறியிறவரு பத்துப் பேர விசாரிக்கிறாரு. சமையக்காரிய மட்டும் ஒண்ணுங் கேக்கல. அவளக் கேட்டிருந்தா மூணாம் பக்கத்துலயே கதை முடிஞ்சிருக்கும், நாமளும் தூங்கியிருக்கலாம்."

புத்தகம் தன்னுடையது என்பதை மட்டும் அவள் சொல்லவே இல்லை. முதல் நாளே சொல்லியிருக்கவேண்டும். ஒவ்வொரு வாரமும் தள்ளத் தள்ள, சொல்வது அதிகக் கஷ்டமானது.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. அரைநாள் பள்ளிக்கூடம். காலை பஸ்ஸை ஓட்டிவிட்டு வந்த வீரய்யா பள்ளி வாசலில் நின்றார். "மருதாயி ஒங்களப் பாக்கணும்னு சொல்லுறா டீச்சர். புறப்பட இன்னும் ஒரு மணிநேரம் இருக்கு. வாங்களேன்."

ஊருக்கு மேற்கே ஓட்டு வீடு. உள்ளே கட்டிலில் மருதாயி இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்துக் கட்டிலை உயர்த்தியிருந்தார்கள். வட்டமான கறுத்த முகம். கண் மட்டும் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தது.

"வாங்க டீச்சர். எந்திரிக்க முடியாது, தப்பா நெனைக்காதீங்க. இங்கிட்டு உக்காருங்க."

வீரய்யா அடுப்படியில் கம்பு அடை தட்டிக்கொண்டிருந்தார். ஓரம் பிய்ந்து பிய்ந்து வந்தது. அடைக்கலமேரிக்குப் பொறுக்கவில்லை; எழுந்து அடுப்பருகே போனாள்.

"தணலைத் தணித்துக்கொண்டு, சற்றே பொறுத்து, பதம் பார்த்துத் திருப்பணும்" என்றாள்.

கட்டிலிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. "ஏங்க, அந்தப் பொஸ்தகத்த எடுத்துட்டு வாங்க."

"எந்தப் பொஸ்தகம்?"

"அதான், சற்றே பொறுத்து! பக்கத்துக்கு ரெண்டு தடவ வாசிப்பீங்களே, சற்றே பொறுத்து, பதம் பார்த்து. இந்த ஊர்ல யாரு அப்படிப் பேசுறா? நீங்கதானே டீச்சர் அத எழுதுனது?"

வீரய்யாவின் கையிலிருந்த தோசைத் திருப்பி கீழே விழுந்தது. அடைக்கலமேரி அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஆமாம்" என்றாள். "நான்தான்."

"டீச்சர்... நான் பாட்டுக்கு பஸ்ஸுல, அத்தன பேருக்கு முன்னால..." வீரய்யா குனிந்து திருப்பியை எடுத்தார். "ஒத்தையாச் சாப்பிடுறவங்கன்னு வேற சொன்னனே!"

"சரியாத்தானே சொன்னீங்க. ஒத்தையாத்தான் சாப்பிடுறேன். புளியும் நான் விட்டதுதான், அச்சாபீஸ்மேல பழியில்ல. முதல் நாளே சொல்லாம உங்ககிட்ட வேலை வாங்குனது என் தப்பு. மன்னிச்சுக்கங்க."

"மன்னிப்பு என்ன மன்னிப்பு? கம்பு கருகுது, மொதல்ல அதத் திருப்புங்க" என்றாள் மருதாயி. மூன்றுபேரும் சிரித்துவிட்டார்கள்.

அடையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மருதாயி தன் அபிப்பிராயத்தைச் சொன்னாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது; கேட்டதெல்லாம் அப்படியே நினைவில் இருந்தது.

"நாவல்ல ஆளு இருக்கு, சோறு இல்ல. ஒங்க பொஸ்தகத்துல சோறு இருக்கு, ஆளு இல்ல. யாருக்காகக் கம்ப இடிக்கிறோம், யாருக்கு எது செரிக்காது, எது வாயில வச்சா வாந்தி வருது, ஒண்ணுமில்ல. எனக்கு நாலாம் மாசம் தாளிப்பு வாசமே ஆகல. தாளிக்காம ஒரு கொழம்பு வைக்க முடியுமான்னு இவரு பொஸ்தகம் பூராத் தேடுனாரு. இல்ல."

"சொல்லு மருதாயி, எழுதிக்கிறேன்" என்று அடைக்கலமேரி குறிப்பேட்டைப் பிரித்தாள். அன்றைக்கு பஸ் கால்மணி தாமதமாகப் புறப்பட்டது.

அதன்பிறகு வாரத்தில் இரண்டு மாலை பள்ளிக்கூடம் விட்டதும் அவள் அங்கே போனாள். கட்டிலருகே அடுப்பை வைத்துக்கொண்டு சமைப்பார்கள். மருதாயி படுத்தபடியே மோந்துபார்த்துத் தீர்ப்புச் சொல்லுவாள். அரிசி இல்லாத நாளுக்கு இருபத்திரண்டு சமையல் சேர்ந்தது. வரகுச் சோறு, கேழ்வரகுக் கூழ், தாளிக்காத குழம்பு, காய்ச்சல்காரனுக்கு, கடும் வேலை செய்து வருகிறவனுக்கு, படுத்தே கிடக்கிறவளுக்கு. ஒவ்வொன்றின் தலைப்பிலும் எத்தனை பேருக்கு என்றும் எழுதினாள். அவளும் அந்த இரண்டு மாலையும் அங்கேதான் சாப்பிட்டாள்.

புதுக்கோட்டையில் அச்சாபீஸ் வைத்திருந்த நாகராசு கையை விரித்தார். "காகிதக் கட்டுப்பாடும்மா. புதுப் புத்தகம் அச்சடிக்க எங்க போறது?"

"புதுப் புத்தகம் வேண்டாம். திருத்தமும் புதுச் சமையலுமாப் பதினாறு பக்கம். பெட்டியில கிடக்கிற பழைய பிரதியில தச்சுச் சேர்த்திடுவேன்."

அவர் பின்கட்டுக்குப் போய் ஒரு கட்டைத் தூக்கிவந்தார். நாடக நோட்டீசுக்கு வாங்கி, நாடகம் நின்றுபோனதால் மிஞ்சிய இளஞ்சிவப்புக் காகிதம். "இதுதான் இருக்கு. பரவால்லையா?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"பேரு பழைய மாதிரியே, ஓர் ஆசிரியைதானே?"

"இல்லை. அடைக்கலமேரி, பெண்கள் பள்ளிக்கூடம், அரிமளம். தப்பு இருந்தால் இந்த விலாசத்துக்கு எழுதவும்னு கீழே போடுங்க."

செபமாலை அன்று இரவுச் சாப்பாட்டில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். "கண்டவனும் கடுதாசி போடுவானே" என்றார். "போடட்டும் அண்ணா" என்றாள் அவள். "பேரு இல்லாத புத்தகத்துல என்ன தப்பு இருந்தாலும் யார்கிட்டச் சொல்றது? ஒரு மனுசன் அரைப்படிக் குழம்பைப் புளியில்லாமக் குடிச்சிருக்கார்." அண்ணனுக்கு அது புரியவில்லை, ஆனால் அதற்குமேல் தடுக்கவும் இல்லை.

மார்கழி பாதியில் ஒரு சனிக்கிழமை. லேடி டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அடைக்கலமேரி மத்தியான பஸ்ஸுக்கு வந்து நின்றபோது வீரய்யாவைக் காணோம். சோலையப்பன் மட்டும் ஊதிக்கொண்டிருந்தான். அடுத்த நிமிஷம் இரண்டு ஆட்கள் கயிற்றுக்கட்டிலைத் தூக்கிக்கொண்டு தெருவில் வந்தார்கள். கட்டிலில் மருதாயி. பக்கத்தில் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வீரய்யா.

"வலி எடுத்துருச்சு டீச்சர். காலையிலருந்து சொல்லாம இருந்திருக்கா."

"என்ஜின் பிடிக்க எவ்வளவு நேரமாகும்?"

"இப்பத்தான் கரி போட்டேன், அரைமணியாவது..." என்றான் சோலையப்பன். பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவனைத் தள்ளி நிறுத்திவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தார். அவர் களைத்ததும் இன்னொருவர். சந்தைக்கு மூட்டையோடு வந்தவர், கோயிலுக்குப் புறப்பட்ட பெரியவர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் சுற்றினார்கள். இருபது நிமிஷத்தில் என்ஜின் பிடித்துக்கொண்டது.

பின் நீள இருக்கையில் மருதாயியைப் படுக்கவைத்தார்கள். தலை அடைக்கலமேரியின் மடியில். மூட்டைகளையெல்லாம் அரிமளத்திலேயே இறக்கிவைத்தாயிற்று. புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குப் பத்து மைல். வீரய்யா அவ்வளவு மெதுவாக, குழி குழியாகப் பார்த்து ஓட்டி யாரும் கண்டதில்லை. ஆனால் மைலுக்கு நாலு தடவை தலையைத் திருப்பி மருதாயியைப் பார்த்தார்.

மருதாயி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "பயமா இருக்குக்கா" என்றாள். அதுவரை அவள் டீச்சர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். "ரெண்டு தடவயும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. ஏதாச்சும் பேசுங்க. சும்மா இருக்காதீங்க."

அடைக்கலமேரிக்குச் செபம்தான் முதலில் வாயில் வந்தது. ஒன்றைச் சொல்லி முடித்தாள். பிறகு என்ன பேசுவது? சட்டென்று, "அந்தச் சிங்கப்பூர்க்காரன் பதினேழாம் அத்தியாயத்துல என்ன சாப்பிட்டான் தெரியுமா?" என்றாள்.

மருதாயி கண்ணைத் திறந்தாள். "என்ன?"

"கப்பலை விட்டு இறங்கினானா? துறைமுகத்துக்குப் பின்னால ஒரு சந்து. அங்கே நம்ம பக்கத்துப் பொம்பளை ஒருத்தி, திருமயத்துக்காரி, சோத்துக்கடை வச்சிருந்தா. இவன் முகத்தைப் பார்த்ததுமே மூணு நாளாச் சாப்பிடலைன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. எடுத்ததும் சோறு போடலை. மோர்க்கஞ்சி கொடுத்தா, உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் ரெண்டு நறுக்கி..."

வலி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மருதாயி தாங்கினாள். போனதும், "அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் எலை போட்டா. கருவாட்டுக் குழம்பு."

"முருங்கக்கா போட்டாளா?"

"போடாமலா?"

"அதான பாத்தேன்" என்றாள் மருதாயி.

ஒரு மேட்டில் பஸ் மூச்சுவிட முடியாமல் நின்றது. யாரும் சொல்லாமலேயே பயணிகள் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். சோலையப்பன் மறுபடி ஊதினான். அடைக்கலமேரி அந்தச் சோத்துக்கடைக்காரிக்கு ஒரு பெயர் வைத்து, இரண்டு மகளைக் கொடுத்து, காணாமல்போன பெண் நேற்றுத்தான் அங்கே வந்து சாப்பிட்டுப் போனாள் என்றும் சொல்லிவிட்டாள். முன் இருக்கையில் இருந்த கிழவர் ஒருவர் திரும்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தார். வீரய்யாவும் கேட்டிருக்கவேண்டும். திரும்பித் திரும்பிப் பார்ப்பது நின்றிருந்தது. பஸ் நிலையத்துக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

விளக்கு ஏற்றுகிற நேரத்துக்கு நர்சு வெளியே வந்து, பெண் குழந்தை, சின்னதாக இருக்கிறது, ஆனால் நன்றாக அழுகிறது என்றாள். "தாயி?" என்றார் வீரய்யா. "பசிக்குதுன்னு சொல்றாங்க" என்றாள் நர்சு. வீரய்யா அப்படியே வராந்தாவில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அடைக்கலமேரி அண்ணன் வீட்டுக்கு நடந்தாள், கஞ்சி வைக்கவேண்டும். செபமாலை, என்ன ஏது என்று கேட்டுவிட்டு, தானே சுக்குத் தட்டிக் கொடுத்தார்.

தை மாதம் முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டபிறகு அவள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து பழைய பிரதிகளில் இளஞ்சிவப்புத் தாள்களைத் தைத்தாள். மருதாயியும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தைத்தாள். அரிசி கிடைக்காத காலத்தில் அரிசி வேண்டாத சமையல் என்பதால், புதுக்கோட்டைக் கடைத்தெருவிலும் வாரச் சந்தைகளிலும் தைக்கத் தைக்க அது விற்றுப்போனது. வாசகசாலைக்காரர்கள் இன்னும் இரண்டு பிரதி கேட்டார்கள்.

மாசி முதல் வாரத்தில், பள்ளிக்கூடத்து விலாசத்துக்கு அவள் பெயரில் ஒரு தபால் கார்டு வந்தது. நார்த்தாமலையிலிருந்து உண்ணாமலை என்ற ஒரு பெண் எழுதியிருந்தாள். எழுத்து கோணல்மாணலாக, ஆனால் அழுத்தமாக இருந்தது.

'தங்கள் புத்தகத்தைப் பார்த்து வரகுப் பொங்கல் செய்தேன். நன்றாக வந்தது. வீட்டில் ஏழு பேரும் சாப்பிட்டோம். ஆனால் தாங்கள் சொன்ன தண்ணீர் போதாது. எங்கள் மலையடி வரகுக்கு இன்னும் அரை உழக்கு வேண்டியிருக்கிறது. இதைத் தாங்கள் கவனிக்கவும். கேழ்வரகில் முறுக்கு வருமா? வரும் என்றால் எழுதவும்.'

அடைக்கலமேரி கார்டை இரண்டுமுறை படித்தாள். மூன்றாம் முறை ஐந்தாம் வகுப்புப் பெண்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். அன்று மாலை கடைக்குப் போய் ஒரு படி கேழ்வரகு மாவு வாங்கினாள். முறுக்கு வருமா என்று அவளுக்கும் தெரியாது. மருதாயி வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், மாவைச் சலிக்கவேண்டுமா, உளுந்து எவ்வளவு சேர்க்கலாம் என்று யோசித்துக்கொண்டே நடந்தாள்.